வில் பிடித்த கை

கருவிக்குக் கட்சி இல்லை என்பது நம் இசையுலகிலே ஒரு வேதவாக்காகிவிட்டது. நல்லவன் கையிற் கிடைத்தால் நல்ல இசை பிறக்கும், அல்லாதவன் கையிற் கிடைத்தால் சத்தம் பிறக்கும், கருவியோ இரண்டுக்கும் சாட்சி மாத்திரமே என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். இவ்வாதத்திற் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறேன்.

கணனியில் இசையமைப்போர் இன்று நாள்தோறும் கையாளும் ஒரு கருவி ஈக்குவலைசர். தமிழிலே அதனைச் சமனாக்கி எனலாம். வயலின், வியோலா, செலோ, டபுள் பாஸ் ஆகிய தந்தி வாத்தியக் குழுக்களின் ஓசையைத் துண்டு துண்டாகப் பதிவுசெய்து விற்கும் ஒலிமாதிரித் தொகுதிகளின்மேல் இக்கருவி எவ்வாறு பிரயோகிக்கப்படுகிறது என்பதைச் சற்று நெருங்கி நோக்கினால், ஒரு திருகையைத் திருப்பும் விரலுக்குப் பின்னாலும் ஒரு சமூகக் கண்ணோட்டம் இருப்பது புலப்படும்.

முதலில் ஒரு நிகழ்ச்சி. சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையில் ஒரு நாடகம் தயாரித்தோம். காணாமற்போன மகனுக்காக வாசற்படியிற் காத்திருக்கும் தாயுடன் அது முடிகிறது. உயர்தர வகுப்பு மாணவனொருவன் தன் மடிக்கணனியில் இறுதிக் காட்சிக்கு இசை அமைத்திருந்தான். மெட்டு நன்றாக இருந்தது. ஆனால் அவனுக்குத் திருப்தி இல்லை. "சேர், வயலினுக்கு உயிர் வரேல்லை" என்றான். உயிர் வரவேண்டுமென்று சமனாக்கியின் மேற்பகுதியை உயர்த்தினான், பின்னும் உயர்த்தினான். ஈற்றில் அந்த வயலின்கள் எண்ணெய்ச் சட்டியிற் கடுகு வெடிப்பதுபோலச் சீறின. அருகிலிருந்த சங்கீத ஆசிரியை கேட்டார்: "தம்பி, இந்த இடத்திலை வில்லை அழுத்திப் பிடிச்சிருக்கோ, மெல்லப் பிடிச்சிருக்கோ?" அவனிடம் பதில் இல்லை. அவன் வில்லைப் பற்றி எண்ணியதே இல்லை. ஆசிரியை தம் வயலினை எடுத்து ஒரே சுரத்தை இருமுறை வாசித்தார், முதலில் மெல்ல, பிறகு அழுத்தி. இரண்டாவது முறை ஓசை கூடியது மாத்திரமல்ல, அதன் நிறமே மாறியது. மாணவனின் முகமும் மாறியது.

அவன் திறமையற்றவன் அல்லன். அவனுக்குக் கற்பித்தவர்கள், அதாவது இணையத்தில் விற்பனையாளர்களும் விற்பனையாளர்களின் நண்பர்களும், திருகையைப் பற்றிச் சொன்னார்கள். கையைப் பற்றிச் சொல்லவில்லை.

இத்தொகுதிகள் எவ்வாறு உருவாகின்றன? ஒரு வாத்தியக் குழுவை இருத்தி, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே மெல்லவும் நடுத்தரமாகவும் உரத்தும், நீண்ட வில்லிலும் குறுகிய வில்லிலும், தந்தியை விரலாற் சுண்டியும் வாசிக்கச் செய்து பதிவுசெய்கிறார்கள். ஒரே சுரத்தைப் பலமுறை வாசிக்க வேண்டும், ஏனெனில் அடுத்தடுத்து அதே துண்டு ஒலித்தால் இயந்திரம் என்பது வெளிப்பட்டுவிடும். ஒலிவாங்கிகள் வாத்தியத்துக்கு அருகிலும் தொலைவிலும் பல இடங்களில் வைக்கப்படுகின்றன. இவ்வாறு பிறக்கும் ஆயிரக்கணக்கான துண்டுகளே ஒரு தொகுதி. நாம் கட்டையை அழுத்தும்போது, எங்கோ என்றோ ஒரு கூட்டம் மனிதர் தோள் நோக வாசித்த ஒரு சுரம் எழுந்து வருகிறது. இதனைச் செயற்கை ஓசை என்று சொல்வது தவறு. இது மனிதனின் ஓசை. சேமித்து வைக்கப்பட்ட உழைப்பு. மார்க்ஸ் இறந்த உழைப்பு என்று வருணித்ததற்கு இதனைவிடப் பொருத்தமான உதாரணத்தை நான் வகுப்பறையிற் காட்டியதில்லை.

இனிச் சமனாக்கிக்கு வருவோம். அது இசைக்காகப் பிறந்த கருவியன்று. தொலைபேசிக் கம்பிகள் நீளநீள உயர்ந்த மீடிறன்கள் தாழ்ந்தவற்றைக் காட்டிலும் கூடுதலாக நலிவுற்றன. மறுமுனையிலே குரல் மங்கிக் கேட்டது. அவ்விழப்பை ஈடுசெய்து எல்லா மீடிறன்களையும் மீண்டும் ஒருநிலைப்படுத்துவதற்காகவே இக்கருவி அமைந்தது. பெயர்க் காரணமும் அதுவே. ஒருவர் பேசியதை மற்றவர் பேசியபடியே கேட்க வேண்டும் என்பதே அதன் மூலநோக்கம். வானொலியும் திரைப்படமும் அதனைச் சுவீகரித்தன. 1972இல் அமெரிக்கரான ஜோர்ஜ் மஸ்ஸன்பேர்க் ஒலிப்பொறியியற் சங்கத்தில் வாசித்த கட்டுரை, எந்த மீடிறனை, எவ்வளவு, எத்தனை அகலத்துக்கு மாற்றுவது என்ற மூன்றையும் தனித்தனியே ஆளும் முறையை நிலைநாட்டியது. இன்று ஒவ்வொரு மடிக்கணனியிலும் இருப்பது அந்த முறையின் வழித்தோன்றலே.

இங்கு நமது பௌதிகவியற் பாடம் கைகொடுக்கிறது. வயலினின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 196 ஹேர்ட்ஸ் மீடிறனில் அதிர்கிறது, வியோலாவினது 131, செலோவினது 65, டபுள் பாஸின் வழமையான தாழ்ந்த தந்தி 41. ஒவ்வொரு சுரத்தின்மேலும் மேற்றொனிகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. 200 முதல் 500 வரையான பகுதியில் ஓசை மிகுந்தால் இசை சேறாகிறது. 2000 முதல் 4000 வரையான பகுதியில் மனிதச் செவி மிகக் கூர்மையானது. வயலினின் குதிரை வழியே வரும் பரிவும் 2000, 3000 அளவிலே திரள்கிறது. அங்கே மிகுந்தால் செவியைக் கீறும். 8000க்கு மேலே வில்லின் உராய்வும் காற்றும் இருக்கின்றன. இவற்றை அறிந்து ஓரிரு டெசிபெல் குறைத்தும் கூட்டியும் ஒழுங்கு செய்வது நேர்மையான தொழில். இதனை நான் எதிர்க்கவில்லை. தச்சன் இழைப்புளியை எடுப்பதை யார் எதிர்ப்பார்?

நான் எதிர்ப்பது வேறு. சந்தையிலே, "இந்த அளவுகளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் ஒலிமாதிரி உண்மை வாத்தியக் குழுவாகிவிடும்" என்ற சமையற் குறிப்புகள் மலிந்துள்ளன. இவை மூன்று விதத்திற் பொய்யானவை.

முதலாவது, உரப்பு பற்றிய பொய். வில்லை அழுத்தி வாசிக்கும்போது மேற்றொனிகள் வலுக்கின்றன. எனவே மெல்ல வாசித்த துண்டை எடுத்து அதன் அளவை மாத்திரம் உயர்த்தினால் கிடைப்பது உரத்த வயலின் அல்ல. நமக்கு அருகே கொண்டுவந்து வைத்த மெல்லிய வயலினே. அதன் மேற்பகுதியைச் சமனாக்கியால் உயர்த்தினால் உராய்வும் இரைச்சலுமே உயரும். அழுத்தம் கையில் நிகழ்ந்திருக்க வேண்டும்; நிகழாததைத் திருகை படைக்காது. என் மாணவன் செய்த பிழை இதுவே. அவன் தொகுதியில் உரத்து வாசித்த அடுக்கும் இருந்தது. அதனை அழைத்திருக்க வேண்டியவன் சமனாக்கியை அழைத்தான்.

இரண்டாவது, எண்ணிக்கை பற்றிய பொய். 16 வயலின்கள் சேர்ந்து வாசித்த துண்டைக்கொண்டு நான்கு சுரங்கள் கூடிய ஓர் இசையடுக்கை அழுத்துகிறோம் என்று வையுங்கள். நமக்குக் கேட்பது 64 வயலின்கள். உண்மையான குழுவிலே அந்த 16 பேரும் நான்கு நான்காகப் பிரிந்து வாசிப்பார்கள். ஒவ்வொரு குரலும் மெலிந்து தெளிந்து நிற்கும். 64 பேரின் தடிப்பைக் கேட்டுத் திகைத்த இசையமைப்பாளன் தாழ்பகுதியை வெட்டுகிறான். வெட்டியதும் வயலினின் மரமே போய்விட்டதென்று மறுபடி வேறோர் இடத்தை உயர்த்துகிறான். பிழையோ மீடிறனில் இல்லை. ஆட்களை எண்ணாமல் எழுதியதில் இருக்கிறது. மனிதர்களை எண்ணத் தெரியாத இசைக்குச் சமனாக்கி எப்படிக் கணக்குச் சொல்லும்?

மூன்றாவது, இடம் பற்றிய பொய். வியன்னாவிலே ஒரு செலோ வாத்தியக்காரர் தொடங்கிய நிறுவனம், முழக்கம் மிகக் குறைந்த தனியொரு கூடத்தைக் கட்டி அதிற் பதிவுசெய்தது. இலண்டன் நிறுவனமாகிய ஸ்பிட்ஃபயரோ, முன்பு தேவாலயமாக இருந்த லிண்ட்ஹேர்ஸ்ட் மண்டபத்தின் முழக்கத்தோடு சேர்த்தே பல தொகுதிகளைப் பதிந்தது. 2019இல் அது வெளியிட்ட பிபிசி சிம்பொனி வாத்தியக் குழுவின் தொகுதி மைடா வேல் கலையகத்திற் பதிவானது. மண்டபத்தோடு பதிந்தவற்றில், அம்மண்டபத்தின் பரிவு ஒவ்வொரு துண்டிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பல துண்டுகளை அடுக்கும்போது அதே பரிவு திரும்பத் திரும்பச் சேர்ந்து வீங்குகிறது. அந்த இடத்தைச் செவியால் தேடிக் கண்டுபிடித்து ஒடுக்கமாக இரண்டு மூன்று டெசிபெல் குறைப்பது பயன்தரும். முழக்கமற்ற கூடத்திற் பதிந்த தொகுதிக்கு அந்த வீக்கமே இல்லை. அங்கே அதே வெட்டு காயத்தை மாத்திரமே உண்டாக்கும். இந்த வேறுபாட்டை அறியாத ஒரு பொதுக் குறிப்பு எல்லா நோய்க்கும் ஒரே குளிசை கொடுக்கும் வைத்தியத்தை ஒத்தது.

இம்மூன்று பொய்களுக்கும் அடிநிலையில் ஒரே நோக்கம் இருக்கிறது. வாசித்தவனைப் பற்றி நினைக்காமலே அவன் வாசிப்பின் பயனைப் பெறுவது. அழுத்தத்தை மறந்தோம், எண்ணிக்கையை மறந்தோம், அவன் இருந்து வாசித்த இடத்தையும் மறந்தோம். பின்பு, உயிர் வரவில்லை என்று குறைப்படுகிறோம்.

இந்த மறதிக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் சேம்பர்லின் என்பவர் உருவாக்கிய கருவியை அடியொற்றி, 1963இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் மெலோட்ரன் தயாராயிற்று. ஒவ்வொரு கட்டையின் கீழும் ஒரு நாடா. கட்டையை அழுத்தினால் ஏறத்தாழ எட்டு விநாடிகளுக்கு வயலின் ஒலிக்கும். 1979இல் சிட்னியிலிருந்து ஃபெயர்லைட் வந்தது. ஸ்ட்ராவின்ஸ்கியின் 'நெருப்புப் பறவை' இசைத்தட்டிலிருந்து கத்தரித்த ஒரேயோர் அதிர்வு அதிலே ஒரு கட்டைக்குள் அடங்கி, 1980களின் பாடல்களிலெல்லாம் முழங்கியது. ஒரு முழு வாத்தியக் குழு ஒரு குத்து ஓசையாகச் சுருங்கியது. அதை வாசித்தவர் யாவரென்று கேட்டவர் எத்தனை பேர்?

தொழிலாளர் கேட்டார்கள். 1982இல் பிரித்தானிய இசைத் தொழிலாளர் சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை, சின்தசைசர்களையும் இயந்திர மத்தளங்களையும் தடைசெய்ய வேண்டுமென்று தீர்மானித்தது. அத்தீர்மானம் நகைப்புக்கே இடமாயிற்று. அவர்கள் அச்சம் நியாயமானது, கோரிக்கை பிழையானது. இயந்திரத்தைத் தடைசெய்து இயந்திரத்தை வென்றவர் சரித்திரத்தில் இல்லை.

இதற்கு மாறாக 2003ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை நோக்குவோம். நியூயோர்க்கின் புரோட்வே அரங்குகளில் இசைநாடகங்களுக்கு வாசிப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரிய அரங்குகளில் 24 முதல் 26 வாத்தியக்காரராவது இருக்க வேண்டும் என்ற ஒப்பந்தத்தை முதலாளிகள் குறைக்க விரும்பினார்கள். ஒலிமாதிரிகளால் இயங்கும் 'மெய்நிகர் வாத்தியக் குழு'வை ஆயத்தமாகவும் வைத்திருந்தார்கள். ஆனால் நடிகர்களும் மேடைத் தொழிலாளரும் மறியலைத் தாண்ட மறுத்தார்கள். இயந்திரம் இருந்தது; அதற்கு முன்னால் நின்று ஆட மனிதர் வரவில்லை. ஏறத்தாழ எல்லா இசைநாடகங்களும் நான்கு நாட்கள் நின்றன. முடிவில் அந்த எண்ணிக்கை பத்து ஆண்டுகளுக்கு 18, 19 என வகுக்கப்பட்டது. இது முழு வெற்றியன்று. எனினும் போராட்டத்தின் பொருளைக் கவனியுங்கள். அவர்கள் இயந்திரத்தோடு சண்டையிடவில்லை. மனிதர் எத்தனை பேர் என்ற எண்ணிக்கைக்காகச் சண்டையிட்டார்கள். 1982இன் தீர்மானத்திலும் இது அறிவு முதிர்ந்த போராட்டம்.

இவ்விடத்தில் இரு சாராரும் என்மேற் பாய்வர் என்பதை அறிவேன்.

தூய கலைவாதி சொல்வார்: "அப்படியானால் ஒலிமாதிரியை எரித்துவிட வேண்டியதுதானே? வயலினைக் கற்காதவன் வயலினுக்கு ஏன் எழுத வேண்டும்?" இந்த நண்பருக்கு என் விடை: நூறு பேர் கொண்ட வாத்தியக் குழு எந்தக் காலத்திலும் அரண்மனைக்கும், பின்னர் அரசாங்கத்துக்கும், படமுதலாளிக்கும் உரியதாகவே இருந்து வந்திருக்கிறது. இன்று இலவசமாகவே கிடைக்கும் தொகுதிகள் உண்டு. ஒரு கிராமத்து மாணவன் வியோலாவின் குரலையும் செலோவின் குரலையும் பிரித்தறியக் கற்பது இதன் மூலமே சாத்தியமாயிற்று. இக்கதவை அடைக்கச் சொல்பவர் கலையைக் காக்கவில்லை, கலையின் வாசலிற் காவலிருந்து வரி அறவிடுகிறார்.

மறுபுறம் சந்தைவாதி சொல்வார்: "கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் வித்தியாசமே இல்லை." இது கேட்பவரை அவமதிப்பது. எங்கள் நாடகத்துக்கு வந்த பெற்றோரில் அநேகருக்கு மீடிறன் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் ஒப்பாரியில் எது தொண்டையிலிருந்து வருகிறது, எது வயிற்றிலிருந்து வருகிறது என்பது அவர்களுக்கு நன்கு தெரியும். மக்களுக்குத் தெரியாது என்று சொல்பவன் மக்களோடு இருந்து கேட்டவன் அல்லன்.

ஆகவே நாம் செய்யத்தக்கது யாது? ஒழுங்கைத் திருப்பிப் போடுவது. சமனாக்கி முதலில் எடுக்கும் கருவியன்று, கடைசியில் எடுப்பது. முதலில் மனிதருக்கு எழுதுவதுபோல எழுத வேண்டும்: எத்தனை பேர், எப்படிப் பிரிகிறார்கள், வில் எங்கே திரும்புகிறது, இந்தத் தந்தியில் இந்தச் சுரம் எட்டுமா? அடுத்து, உரப்புக்கேற்ற அடுக்கைத் தெரிவு செய்ய வேண்டும். மூன்றாவதாக, அருகிலுள்ள ஒலிவாங்கியா தொலைவிலுள்ளதா என்பதைத் தீர்மானிக்க வேண்டும். கூர்மை வேண்டுமென்று உயர்த்தும் மேற்பகுதி பெரும்பாலும் அருகிலுள்ள ஒலிவாங்கியைச் சற்றே கூட்டினாற் கிடைத்துவிடும். இவ்வளவும் செய்த பின் எஞ்சும் குறைக்கே சமனாக்கி. உயர்த்துவதற்கு முன் குறைத்துப் பார்க்க வேண்டும். கருவியை இட்டும் எடுத்தும் ஒப்பிடும்போது இரண்டின் உரப்பையும் ஒன்றாக்கிக் கேட்க வேண்டும், ஏனெனில் உரத்தது எப்பொழுதும் நல்லதுபோலவே கேட்கும். மேடைப் பேச்சைக் கேட்டுப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இவற்றுக்கு மேலாக இரண்டு கடமைகள் உண்டு. ஒன்று, சொல்வது. வாசித்தவருக்குக் கிடைத்தது ஒருமுறைக் கூலியா, விற்பனையிற் பங்கா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அதை நாம் மாற்ற முடியாதிருக்கலாம். ஆனால் நமது அறிவித்தலில், இந்த இசையில் ஒலிக்கும் வாத்தியக் குழு இன்ன தொகுதியினது என்று ஒரு வரி எழுதுவதை யாரும் தடுக்கவில்லை. நூலைப் பார்த்து எழுதியவன் நூலின் பெயரைச் சொல்ல வேண்டுமென்று மாணவருக்குப் போதிக்கும் நாம், இசையிலே அந்த நேர்மையை ஏன் கேட்பதில்லை? மற்றது, கலப்பது. பெரிய குழு நமக்குக் கிடைக்காது. ஒரு வயலின்காரர் ஊரிலே கிடைப்பார். ஒலிமாதிரியின் மேல் ஒரேயொரு மெய்யான வயலினை வாசித்துச் சேர்த்தால் முழுக் குழுவும் மூச்சுவிடத் தொடங்குவதைத் தொழில்முறை இசையமைப்பாளரே அறிந்து செய்து வருகிறார்கள். சமனாக்கியின் நேர்மையான பணி அங்கேதான் இருக்கிறது: வாழும் உழைப்பும் சேமித்த உழைப்பும் ஒரே கூடத்தில் இருப்பதுபோலச் செவிக்கு இசையச் செய்வது.

எங்கள் நாடகத்தில் அதையே செய்தோம். மாணவன் தான் உயர்த்தியவற்றையெல்லாம் இறக்கினான். இசையடுக்கைப் பிரித்து எழுதினான். காட்சியின் ஆரம்பத்தில் மெல்லிய அடுக்கையும், தாய் எழுந்து நிற்குமிடத்தில் உரத்த அடுக்கையும் அழைத்தான். நடிகையின் பேச்சிலே மெய்யெழுத்துக்கள் தெளிவாகக் கேட்பதற்கு 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையான பகுதி பெரிதும் உதவுகிறது என்பதைப் படித்தறிந்து, அவள் பேசும் வேளையில் மாத்திரம் அப்பகுதியில் வயலின்களை இரண்டு டெசிபெல் தாழ்த்தினான். ஒருவர் பேசுவதை மற்றவர் பேசியபடியே கேட்க வேண்டும் என்ற அந்தப் பழைய தொலைபேசி நோக்கத்துக்கு அவன் தன்னையறியாமலே திரும்பி வந்திருந்தான். மேலே சங்கீத ஆசிரியையின் ஒற்றை வயலின் ஒலித்தது.

அறிவித்தற் பலகையில் இசையமைப்பாளன் பெயருக்குக் கீழே ஆசிரியையின் பெயரையும், அதற்குக் கீழே ஒலிமாதிரித் தொகுதியின் பெயரையும் அவனே எழுதினான். இன்னும் ஒரு வரி எழுத இடம் விட்டிருந்தான். ஏனென்று கேட்டேன். "வாசிச்ச ஆக்களின்ரை பேர் கிடைச்சா எழுதலாம், சேர்" என்றான்.

அந்த வெற்றிடத்தை நிரப்பும்படி கேட்பதே நமது வேலை.